இடதுகரை, வீட்டு இலக்கம் 43

மாங்குளம் சந்தியில் பஸ் மாறி
ஒட்டுசுட்டான் றோட்டில் இறங்கும்போது
பையில் இருபத்தாறு வினாக்கொத்து, மூன்று பேனை,
மையத்தின் முத்திரை குத்திய அறிமுகக் கடிதம்.
ஆய்வுக்குத் தலைப்பு வைக்கவே மூன்று கூட்டம் போனது.
'மீள்குடியேறிய குடும்பங்களின் கடன்சுமை' என்றிருந்தோம்.
சுமை பக்கம் சாயும் சொல் என்றார்
புள்ளிவிவரம் படிப்பிக்கும் கலாநிதி.
கடன்நிலை ஆயிற்று.
சுமையைக் கிளிநொச்சியில் இறக்கி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

முத்தையன்கட்டுத் தண்ணீர் வாய்க்காலில்
என் நடைக்குச் சரியாய்க் கூட வந்தது.

நாற்பத்துமூன்றாம் வீட்டு முற்றத்தில்
யானைக்கு எறியும் வெடி நாலு
சுளகில் காய்ந்துகொண்டிருந்தன. நேற்று நனைந்தவையாம்.
தவறஞ்சினி, வயது நாற்பத்தொன்று,
சுளகைத் தள்ளி எனக்கு இடம் தந்தார்.

பதினேழாம் கேள்வி:
எத்தனை தடவை இடம்பெயர்ந்தீர்கள்?
பெட்டி ஒன்று. ஓர் இலக்கம்தான் கொள்ளும்.
"பதின்மூண்டு."
பேனை அந்தரத்தில் நின்றது.
"ஒன்பதைப் போடுங்கோ பிள்ளை.
போனமுறை வந்தவையும் ஒன்பதுதான் போட்டவை."

எழும்பி உள்ளே போனார். தகரப்பெட்டி திறக்கும் சத்தம்.
சீ.ஆர். கொப்பி ஒன்று, அடிமட்டம் வைத்துக் கோடு கீறி:
திகதி. வந்தவர். என்ன கேட்டவை.
என்ன சொல்லிப் போனவை.
கடைசி நிரல்: திரும்பி வந்தவையோ.

2011 பங்குனி. பஜிரோ. மலசலகூடம் எத்தினை பேருக்கு எண்டு.
2013. வெள்ளைக்காரப் பெட்டை, மொழிபெயர்க்க ஒரு தம்பி.
இரவிலை கனவு வாறதோ எண்டு.
2016. கிணத்துத் தண்ணி போத்தலிலை கொண்டுபோனவை.
முடிவு அனுப்புறம் எண்டவை.
2018. வட்டிக்காசு பற்றி. கேட்டுக்கொண்டிருக்க
வட்டிக்காரனும் வந்திட்டான்.
ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி.

2019 ஆவணி 6. கம்பஸ் பெட்டை. நீலச் சட்டை.
செருப்பு அறுந்து ஊசியும் நூலும் குடுத்தது.
பக்கத்தில் என் பெயர், எழுத்துப் பிழையில்லாமல்.

வீடு நினைவில் இல்லை எனக்கு.
செருப்பு நினைவிருந்தது.

கடைசி நிரலில் மேலிருந்து கீழ்வரை
மை படவில்லை.

"அக்கா, இதைப் படம் எடுக்கலாமோ?
எங்கடை மையத்துக்குப் பெரிய தரவு."
"என்னத்துக்கு?"
"ஆர் ஆர் பாப்பினம்?"
"எத்தினை வருசம் வைச்சிருப்பியள்?"
"எனக்கு என்ன பிரயோசனம்?"
"பிறகு வேண்டாமெண்டால் திருப்பித் தருவியளோ?"
சற்று முன் ஒப்புதல் படிவத்திலிருந்து
நான் அவருக்கு வாசித்துக் காட்டிய அதே ஒழுங்கு.
மூன்றுக்குச் சொன்னேன். நாலாவதில் நின்றேன்.
கொப்பியில் இன்றைய திகதி போட்டு
என் பெயருக்கு நேரே எழுதினார்: பதில் இல்லை.
எங்கள் கணினியில் அதற்கு இலக்கம் 99.

வியாழன் பின்னேரக் கூட்டம். ரோல்ஸ், பிளேன்ரீ.
நாற்பத்துமூன்றில் பதின்மூன்று
பெட்டிக்கு வெளியே சிந்திக் கிடக்கிறதே,
கணினி ஏற்காதே என்றார் கலாநிதி.
பெட்டியைப் பெருப்பிக்கலாம் என்றேன்.
குறிப்பேட்டில் பதிந்தார்கள்:
அடுத்த கட்டத்தில் இரு பெட்டி.
இதுவரை எங்கள் ஆய்வு மாற்றியது அவ்வளவுதான்.

2019 அறிக்கை ஆங்கிலத்தில் கிடந்தது,
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், நூலக மேல்தட்டில்.
நாலு பக்கத்தைத் தமிழாக்க எனக்கு ஒரு கிழமை சென்றது.
'மீண்டெழும் திறன்' என்ற சொல்லை எழுதி வெட்டி எழுதி
கடைசியில் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை. கடிதமில்லை, வினாக்கொத்தில்லை.
அதே பஸ், அதே வாய்க்கால், தண்ணீர் பூட்டியிருந்தார்கள்.
படலை கட்டியிருந்தது.
"அக்கா கச்சேரிக்குப் போட்டா, காணி விசயமா,"
என்றான் சைக்கிளில் போன பெடியன், நிற்காமலே.

நாலு பக்கத்தையும் மடித்து
வாசற்படியில் கல்லுக்குக் கீழே வைத்தேன்.
சுளகில் வெடி மூன்றுதான் இருந்தது.

நான் திரும்பி வந்ததை எழுத
வீட்டில் ஆளில்லை.